சாத்தான், ஃபாஸ்டஸ், கோரியோலேனஸ், ஹென்சர்ட்: வணங்காமுடிகளை எதை வைத்து ஒப்பிடுவது?

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

ஆங்கில இலக்கியத்தில் யாருக்கும் தலைவணங்காமல் நின்று அழிந்துபோகும் நாயகர்களைப் பற்றி ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை. பட்டியலில் இப்போது ஏழு பேர்: மார்லோவின் ஃபாஸ்டஸ், ஷேக்ஸ்பியரின் உரோமானியத் தளபதி கோரியோலேனஸ், மில்டனின் சாத்தான், பைரனின் மான்ஃபிரெட், மேரி ஷெல்லியின் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், எமிலி பிராண்டியின் ஹீத்கிளிஃப் ('வதரிங் ஹைட்ஸ்'), தாமஸ் ஹார்டியின் ஹென்சர்ட் ('தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்').

வழக்கமான வழி தெரிந்ததுதான். அரிஸ்டாட்டிலின் ஹமார்ஷியாவை (துன்பியல் நாயகனை வீழ்த்தும் குறை என்று பாடத்தில் சொல்வார்களே, அதை) எடுத்துக்கொண்டு, "இவனுடைய குறை செருக்கு" என்று ஏழு தடவை எழுதினால் முடிந்தது. ஆனால் ஏழு பத்தி எழுதினாலும் அது ஒரே பத்திதான். இவர்களைப் பிரித்துக் காட்டுகிற அளவுகோல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஏழு பேரும் வேண்டுமா, குறைக்கலாமா என்பதையும்.

ஓலைச்சுவடி

குறையுங்கள். மூன்று பேர், மிஞ்சினால் நான்கு.

ஹமார்ஷியாவை முதலில் ஓரங்கட்டுங்கள். அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் செருக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பிழை, தப்புக் கணக்கு என்ற அளவில்தான் நிற்கிறது. அதன் தலையில் செருக்கை ஏற்றி வைத்தது பிற்காலத்துப் பாடப்புத்தகங்கள்.

அதற்குப் பதிலாக எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இவன் யார் காதில் விழப் பேசுகிறான்? கூட்டத்தின் முன்னால் சொல்வதும் தனியே இருக்கும்போது சொல்வதும் ஒத்துப்போகிறதா? செருக்கு என்பதே இன்னொருவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற கணக்குதானே. அந்த இன்னொருவர் யார் என்று பார்த்தால் ஏழு பேரும் ஏழு திசைக்குப் போய்விடுவார்கள்.

சாத்தானையே எடுத்துக்கொள்வோம். மில்டனின் காவியம் 'பாரடைஸ் லாஸ்ட்' 1ஆம் காண்டத்தில், சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்டு எரியும் ஏரியில் கிடந்தபடி தன் வலக்கையான பெயல்செபூபிடம் பேசுகிறான். களத்தில் தோற்றால் என்ன, எல்லாமா போய்விட்டது, அசைக்க முடியாத மனவலிமை இருக்கிறதே என்கிறான். பேச்சு முடிந்த மூச்சிலேயே, 125-126 வரிகளில், மில்டன் குறுக்கே வந்துவிடுகிறார்: வாய் பெருமையடிக்கிறது, உள்ளே நிராசை பிழிகிறது. சொர்க்கத்தில் ஊழியம் செய்வதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்ற வரி (263) எல்லா வினாத்தாளிலும் வரும். அதுவும் பெயல்செபூப் காதில் விழச் சொன்னதுதான்.

இப்போது 4ஆம் காண்டம், 32 முதல் 113 வரை. நிஃபேட்டஸ் மலையில் தனியாக நின்று சூரியனைப் பார்த்துப் பேசுகிறான். இங்கே ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள்: கடவுள்தான் என்னை அந்த உயர்ந்த நிலையில் படைத்தார், அவர் கேட்ட ஊழியம் ஒன்றும் கடினமானதல்ல, நன்றி சொல்வதைவிட எளிதானது எது என்கிறான். எங்கே ஓடினாலும் நரகம்தான், நானே நரகம் என்கிறான். மன்னிப்புக்கு வழி இல்லையா என்று கேட்டு, அடிபணிந்தால் உண்டு என்று தானே பதிலும் சொல்லி, இரண்டு காரணம் காட்டி மறுக்கிறான். ஒன்று இகழ்ச்சி. இன்னொன்று, கீழே காத்திருக்கும் கூட்டத்தின் முன் வரப்போகும் வெட்கம். இது 79-83க்குள் இருக்கிறது. கட்டுரையின் அச்சாணி இந்த ஐந்து வரிகள்தான். கடவுளோடு பகை என்பதைவிட, தன் ஆட்களுக்குக் கொடுத்த வாக்கில் மாட்டிக்கொண்டவன் அவன்.

அடுத்து 5ஆம் காண்டம். கலகத்துக்கு முன்னால் தேவதூதர்களிடம் அவன் பேசியதைத் தேவதூதர் ரஃபேல் ஆதாமுக்குச் சொல்கிறார். நாங்கள் படைக்கப்பட்டதை யார் பார்த்தது, நாங்களே எங்களைப் பிறப்பித்துக்கொண்டோம், எங்கள் ஆற்றலால் எழுந்தோம் என்கிறான் (853-861). கால வரிசைப்படி இது முன்னால் நடந்தது. வாசகன் கேட்பதோ 4ஆம் காண்டத்து ஒப்புதலுக்குப் பிறகு. ஆகவே அந்த முழக்கம் காதில் விழும்போதே அது பொய் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. மில்டன் காண்டங்களை இப்படி முன்பின்னாக அடுக்கியதற்கு இது ஒன்றே போதுமான நியாயம்.

கடைசிப் பெஞ்சு

ஓலைச்சுவடி சொல்வதில் பாதிக்கு உடன்பாடு. ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சாத்தான் வெறும் பொய்யன் என்று பட்டுவிடும். கவிஞர் பிளேக் 'சொர்க்கமும் நரகமும் மணந்தது' எழுதியபோது மில்டன் தனக்கே தெரியாமல் பிசாசின் கட்சியில் இருந்தார் என்றார். கவிஞர் பெர்சி ஷெல்லி 1820இல் 'புரோமீத்தியஸ் அன்பவுண்ட்' முன்னுரையில் சாத்தானையும் புரோமீத்தியஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். (அதிலும் புரோமீத்தியஸுக்குத்தான் மதிப்பெண் அதிகம், சாத்தானிடம் பேராசையும் பொறாமையும் பழிவெறியும் கலந்திருக்கிறது என்கிறார். பலர் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவார்கள்.) விமர்சகர்களில், எதிர்க்கட்சியில் 1942இல் சி. எஸ். லூயிஸ். மறுபடி 1961இல் வில்லியம் எம்ப்சன் கடவுளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். 1967இல் ஸ்டான்லி ஃபிஷ் ஒரு சமரசம் சொன்னார்: வாசகன் சாத்தானிடம் மயங்குவதும் பிறகு திருத்தப்படுவதும் காவியத்தின் திட்டமே என்று.

இதில் அரசியலை விட்டுவிடக் கூடாது. 1649இல் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியதை எழுத்தில் நியாயப்படுத்தியவர் மில்டன். 1660இல் முடியாட்சி திரும்பியது. 1667இல், பார்வை முழுதாகப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, இந்தக் காவியம் அச்சாகிறது. தோற்றுப்போன புரட்சிக்காரர் ஒருவர், தோற்றுப்போன புரட்சிக்காரன் ஒருவனுக்குப் பேச்சு எழுதுகிறார். அந்தப் பேச்சில் உயிர் இல்லாமல் இருக்குமா?

ஓலைச்சுவடி

உயிர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புரட்சிக்காரன் சபையை எப்படி நடத்துகிறான் என்று 2ஆம் காண்டத்தில் பாருங்கள். மோலோக் போர் என்கிறான், பெலியால் சும்மா இருப்போம் என்கிறான், மாம்மன் இங்கேயே ஒரு அரசு கட்டுவோம் என்கிறான். மாம்மனுக்குத்தான் கைதட்டல் விழுகிறது. அப்போது பெயல்செபூப் எழுந்து, புதிய உலகத்துக்குப் போய் அங்குள்ளவர்களைக் கெடுப்போம் என்று மூன்றையும் ஓரங்கட்டுகிறான். அந்த யோசனை முதலில் சாத்தானுடையது என்று மில்டனே சொல்லிவிடுகிறார். யார் போவது என்றதும் சபை வாயடைத்துப்போகிறது. சாத்தான் எழுந்து நான் போகிறேன் என்கிறான். சொன்ன கையோடு சபையைக் கலைத்துவிடுகிறான். காரணம் 466 தொடங்கி வருகிறது: மற்றவர்களும் "நானும்" என்று கிளம்பிவிட்டால், மறுப்பு உறுதி என்று தெரிந்தே அவர்கள் மலிவாகப் பெயர் தட்டிக்கொண்டு போவார்கள்.

முடியாட்சியை வெறுத்த மில்டன் யாரைப் போலச் சாத்தானை வரைந்தார் என்பது திறந்த கேள்விதான். மன்னரைப் போலவும் இருக்கிறான், சபையைக் கையில் போட்டுக்கொண்ட தளபதியைப் போலவும் இருக்கிறான்.

தாழம்பூ

நல்லது. சாத்தானின் கதை முடிவை எங்கே வைப்பது? 4ஆம் காண்டத்திலா, 9ஆம் காண்டத்திலா?

ஓலைச்சுவடி

10ஆம் காண்டத்தில், 504 வரியையொட்டி. பலர் அதுவரை போவதே இல்லை. 1, 2, 9 மூன்றையும் படித்துவிட்டு எழுதுவார்கள், அங்கேதான் கட்டுரை சறுக்கும்.

ஏவாளைக் கெடுத்துவிட்டு வெற்றியோடு திரும்புகிறான். சிம்மாசனம் ஏறிப் பேசி முடித்துக் கைதட்டலுக்காக நிற்கிறான். நாலா பக்கத்திலிருந்தும் சீறல் கேட்கிறது. எல்லாரும் பாம்பாகிவிட்டார்கள், அவனும்தான். யார் முன்னால் வெட்கப்பட நேரும் என்று 4ஆம் காண்டத்தில் மன்னிப்பை வேண்டாம் என்றானோ, அதே கூட்டத்தின் சீறல் இது. ஆறு காண்டம் தள்ளிக் கணக்குத் தீர்க்கிறார் மில்டன். இதற்குப் பிறகு காவியத்தில் சாத்தான் நேரில் வருவதே கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம். 4ஆம் காண்டத்தில் தனியாகப் பேசுகிறான் என்றேனே, அதுவும் முழுத் தனிமை இல்லை. 3ஆம் காண்டத்தில் இளம் தேவதூதன் வேடம் போட்டு, சூரியனில் இருக்கும் தேவதூதர் ஊரியேலை ஏமாற்றி வழி கேட்டு வந்தவன் அவன். பேசும்போது கோபம், பொறாமை, நிராசை என்று மூன்று முறை முகம் வெளிறுகிறது, வேடம் கலைகிறது. சூரியனிலிருந்து ஊரியேல் அதைப் பார்த்துவிடுகிறார் (114-130). காட்டிக்கொடுத்தது அவன் முகமேதான்.

உப்புக்காற்று

கோரியோலேனஸுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்துகிறது, தலைகீழாக. ஹாம்லெட்டும் மெக்பெத்தும் பக்கம் பக்கமாகத் தனிமொழி பேசுவார்கள். இவனுக்குக் கிடைப்பது இரண்டே துண்டு: பணிவு அங்கியைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கும்போது (2ஆம் அங்கம், 3ஆம் காட்சி) ஒன்று, நாடு கடத்தப்பட்டு எதிரிகளின் ஊரான அன்ஷியம் வாசலில் நிற்கும்போது (4.4, அதாவது 4ஆம் அங்கம், 4ஆம் காட்சி) இன்னொன்று. தனியாக இருக்கும்போது இவனுக்குப் பேச ஒன்றும் இல்லை. உள்ளே ஒளித்து வைத்தது கிடையாது. அதனாலேயே இவனை மற்றவர்கள் சுலபமாக இயக்குகிறார்கள்.

இயக்கும் முறையைப் பாருங்கள். 3.3இல் மக்கள் பிரதிநிதிகளில் ஒருவனான புரூட்டஸ் முன்கூட்டியே சொல்கிறான்: உடனே அவனைக் கோபப்படுத்து, அப்புறம் அடக்க முடியாது. முந்தைய காட்சியில்தான் தாய் வொலம்னியா, தொப்பியைக் கையில் பிடித்து முழங்கால் கல்லில் படும்படி எப்படிக் கெஞ்ச வேண்டும் என்று பாடம் எடுத்திருக்கிறாள். சாந்தமாகத்தான் வருகிறான். இன்னொரு மக்கள் பிரதிநிதி சிசினியஸ் "துரோகி" என்று ஒரு சொல் போடுகிறான். அவ்வளவுதான். பாடம் போயிற்று, பதவி போயிற்று. "உங்களை நான் நாடு கடத்துகிறேன்" என்று ஊரையே துரத்திவிட்டு, வேறு உலகம் இருக்கிறது என்று கிளம்புகிறான்.

5.6இல் எதிரித் தளபதி ஆஃபிடியஸ் அதே வித்தையை மறுபடி செய்கிறான். முதலில் "துரோகி". பிறகு "கண்ணீர் விடும் பையன்". "பையன்" என்ற சொல் விழுந்ததும், தான் எதிரிகளின் நகரத்தில் அவர்கள் நடுவே நிற்கிறோம் என்பதைக்கூட மறந்து, புறாக்கூட்டில் புகுந்த கழுகு மாதிரி கொரியோலியில் உங்கள் ஆட்களை நான் தனியாகச் சிதறடித்தேன் என்று அவர்களிடமே சொல்கிறான். கூட்டத்தில் மகனை இழந்தவன் இருக்கிறான், மகளை இழந்தவன் இருக்கிறான். வெட்டிப் போடுகிறார்கள். செருக்கைக் குணமாக மட்டும் எழுதாமல், மற்றவர் கைக்கு எட்டுகிற விசையாக எழுதினால் இந்த நாடகம் நன்றாகப் பிடிபடும்.

சாத்தானோடு நேராக இணைக்க ஒரு வரி உண்டு. 5.3இல், எதிரிகளோடு சேர்ந்து உரோமைத் தாக்க வந்து நிற்பவனிடம் தாயும் மனைவியும் மகனும் கெஞ்ச வரும்போது, தன்னைத் தானே படைத்துக்கொண்டவன் போல, உறவே தெரியாதவன் போல நிற்பேன் என்கிறான். சாத்தான் 5ஆம் காண்டத்தில் சொல்வதும் இதுவே. இங்கே வேறுபாடு "போல" என்பதில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஆள் பாவனை என்று தெரிந்தே பேசுகிறான்.

மூன்றாம் வரிசை

5.3 பற்றி ஒன்று சேர்க்கிறேன். வொலம்னியாவின் நீண்ட கெஞ்சலுக்குப் பிறகு 1623 முதல் ஃபோலியோவில் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு) ஒரு மேடைக்குறிப்பு இருக்கிறது: அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நிற்கிறான். ஷேக்ஸ்பியரில் இப்படி மௌனத்தைக் குறித்து வைத்த இடங்கள் அபூர்வம். மேடையில் அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் இழுக்கிறார் என்பதில் நடிகரின் தரம் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் "அம்மா, அம்மா, என்ன செய்துவிட்டாய்" என்பது. உரோமைக் காப்பாற்றிவிட்டாய், மகனுக்குச் சாவு எழுதிவிட்டாய் என்று தெரிந்தே பணிகிறான். இந்தப் பட்டியலில் அறிந்து அடிபணிபவன் இவன் ஒருவன்தான். பணிந்ததற்காகவே சாகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபாஸ்டஸ். எழுத ஆரம்பிக்கும் முன் எந்தப் பாடம் என்று முடிவு செய்யுங்கள். மார்லோ 1593இல் டெப்ஃபோர்டில் கத்திக்குத்தில் செத்தார். நாடகம் அச்சானது 1604இல்; அது ஏ பாடம். 1616இல் வந்தது பி பாடம். 36 வரி குறைந்து, 676 வரி கூடியிருக்கிறது. நடுவில் 1602இல் நாடக அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோ தன் கணக்குப் புத்தகத்தில் இந்த நாடகத்துக்குச் சேர்க்கை எழுதியதற்காக இருவருக்கு 4 பவுண்டு கொடுத்ததாகக் குறித்திருக்கிறார். கூடிய வரிகளில் போப்பைக் கேலி செய்யும் கூத்து நிறைய.

பாடபேதத்தில் உங்களுக்கு முக்கியமான இடம் ஒன்று. நல்ல தேவதூதன் சொல்வது ஏ பாடத்தில்: ஃபாஸ்டஸால் மனந்திரும்ப முடிந்தால் காலம் கடந்துவிடவில்லை. பி பாடத்தில்: ஃபாஸ்டஸ் மனந்திரும்ப விரும்பினால். முதலாவதில் அவனுக்கு அந்தச் சக்தியே இருக்கிறதா என்பது சந்தேகம். கால்வினியச் சாயல், முன்பே விதிக்கப்பட்டவன். இரண்டாவதில் சாவி அவன் கையில் இருக்கிறது, திருப்பவில்லை. பிடிவாதக்காரனா, கைவிடப்பட்டவனா என்ற கேள்விக்கே பதில் மாறிவிடுகிறது. ஏ பாடத்தை ஒரு பத்தியிலும் பி பாடத்தை அடுத்த பத்தியிலும் கலந்து மேற்கோள் காட்டினால் வாதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்.

தாழம்பூ

"யார் காதில்" என்ற கேள்விக்கு ஃபாஸ்டஸ் எப்படி?

மூன்றாம் வரிசை

அவன் தன் காதிலேயே பேசுகிறான். முதல் காட்சியிலிருந்தே தன்னை "ஃபாஸ்டஸ்" என்று பெயர் சொல்லி அழைத்து, உன் படிப்பை முடிவு செய் என்று உத்தரவு போடுகிறான். எதிரே வேறு ஆள் வேண்டாம். அதனால் ஏமாற்றுவதும் தன்னைத்தான். தத்துவம், மருத்துவம், சட்டம், இறையியல் நான்கையும் ஒரே உட்காரலில் தள்ளுகிறான். இறையியலைத் தள்ளும் விதம் பாருங்கள்: பாவத்தின் சம்பளம் மரணம் என்று உரோமர் 6:23இல் பாதியை வாசித்து நிறுத்திக்கொள்கிறான், தேவனுடைய கிருபைவரம் நித்தியஜீவன் என்ற மறுபாதியை விட்டுவிடுகிறான். 1 யோவான் 1:8ஐ வாசித்துவிட்டு, மன்னிப்பு வருகிற 9ஆம் வசனத்தைத் தொடுவதில்லை. விட்டன்பெர்க்கில் டாக்டர் பட்டம் வாங்கியவன் செய்கிற வேலையா இது? எலிசபெத் காலத்துப் பார்வையாளருக்கு இரண்டும் மனப்பாடம். நாற்காலியில் இருந்தே மீதியைச் சொல்லியிருப்பார்கள்.

24 ஆண்டு மந்திர சக்திக்காகப் பிசாசுக்கு ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டு அவன் வாங்கியது என்ன என்பதும் முக்கியம். போப்பின் தட்டைப் பிடுங்குகிறான். 40 டாலருக்கு ஒரு குதிரையை விற்க, அது தண்ணீரில் இறங்கியதும் வைக்கோலாகிறது. ஜனவரியில் ஒரு சீமாட்டிக்குத் திராட்சை வரவழைக்கிறான். கலகம் மலைபோலத் தொடங்கி வேடிக்கை வித்தையாகச் சுருங்குகிறது. நடுப்பகுதி மோசமாக எழுதப்பட்டது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுருக்கமே தண்டனையாகப் படுகிறது.

கடைசி மணி நேரத்தைக் காலக் கணக்கோடு படியுங்கள். பதினொன்று அடிக்கிறது, பிறகு அரை, பிறகு பன்னிரண்டு. முதல் அரை மணிக்குக் கிடைக்கும் வரிகள் அதிகம், அடுத்த அரை மணிக்குக் குறைவு. கடிகாரம் வேகமெடுக்கிறது. இடையில் இரவின் குதிரைகளே மெதுவாக ஓடுங்கள் என்ற லத்தீன் வரி. ஓவிட் அதைக் காதலியோடு இருக்கும் இரவு நீளட்டும் என்று எழுதியது. புத்தகப் பூச்சி சாகிற நேரத்திலும் மேற்கோள் காட்டுகிறது! என் புத்தகங்களை எரித்துவிடுகிறேன் என்பதுதான் கடைசிப் பேரம்.

நிலவறை

மான்ஃபிரெட்டுக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. செருக்கும் கலகமும் கலப்படமில்லாமல் வேண்டுமென்றால் அவன்தான். பேய்களின் அரசன் அரிமேனிஸின் முன் மண்டியிட மாட்டான், கடைசியில் மடாதிபதி வந்து மன்னிப்புத் தர முன்வந்தால் அதையும் வாங்க மாட்டான். உயிரைக் கொண்டுபோக ஆவி வந்தால், நீ என்னை ஏமாற்றவில்லை, நான் உன் இரையும் இல்லை, என்னை அழித்தது நானே என்று விரட்டிவிடுகிறான். ஃபாஸ்டஸோடு வைத்தால் இரவும் பகலும். ஒப்பந்தமே போடவில்லை, யாருக்கும் கடனில்லை.

ஒரு பதிப்புச் செய்தியும். கிழவரே, சாவது அவ்வளவு கடினமில்லை என்ற அவனுடைய கடைசி வரி 1817 முதல் பதிப்பில் விடுபட்டுப்போனது. கவிதையின் விளைவையும் கருத்தையுமே அழித்துவிட்டீர்கள் என்று பதிப்பாளர் மரேயிடம் பைரன் சீறினார்.

ஓலைச்சுவடி

அதனால்தான் அவனை எடுத்துவிடச் சொல்கிறேன். எந்த இடத்திலும் அவன் கூற்று உடையவில்லை. ஆல்ப்ஸில் வேடன் வருகிறான், சூனியக்காரி வருகிறாள், அவன் காதலித்து இழந்த அஸ்டார்ட்டியின் ஆவி வருகிறது, மடாதிபதி வருகிறார். எல்லாரும் அவன் பேசுவதற்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அஸ்டார்ட்டி ஒருத்திதான் விதிவிலக்கு. மன்னித்தேன் என்று சொல் என்று கெஞ்சுகிறான், அவள் சொல்லாமலே மறைகிறாள். அந்த ஓர் இடத்தில் துயரம் உண்டு. மற்றபடி பைரனே இதற்கு "நாடகக் கவிதை" என்றுதான் பெயர் வைத்தார், துன்பியல் என்று வைக்கவில்லை.

நிலவறை

உடைந்தால்தான் துன்பியல் என்று யார் சட்டம் போட்டது? உடையாமல் சாவதும் ஒரு முடிவு. அஸ்டார்ட்டியின் மௌனம் அவனை உள்ளே உடைத்துவிட்டது, வெளியே நிற்கிறான், அவ்வளவுதான். உங்கள் கேள்வியையே கேட்டால், அவன் பேச விரும்பிய காது ஒன்றுதான், அது செத்துப்போனது. எனக்கு இது போதும்.

தாழம்பூ

இது இரண்டு தரப்பாகவே இருக்கட்டும். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன்?

கடைசிப் பெஞ்சு

விக்டரை விடுங்கள், அவன் படைத்த உயிரை எடுங்கள். 'பாரடைஸ் லாஸ்ட்'டைக் காட்டில் கண்டெடுத்துப் படித்து, நான் உன் ஆதாமாக இருந்திருக்க வேண்டும், விழுந்த தேவதூதனாகிவிட்டேன் என்று படைத்தவன் முகத்துக்கு நேரே சொல்வது அதுதான். நாவலின் தலைப்புப் பக்கத்திலேயே 10ஆம் காண்டத்து வரி இருக்கிறது: களிமண்ணிலிருந்து என்னை வார்க்கச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா?

விக்டரைத்தான் எழுதுவேன் என்றால் ஓர் இடம் போதும். தன் கதையைக் கேட்கும் கடற்பயணி வால்ட்டன் அதைக் குறிப்பெடுப்பதைக் கண்டதும் விக்டர் அந்தக் குறிப்பை வாங்கிப் பல இடங்களில் திருத்துகிறான், சேர்க்கிறான். நாம் படிக்கும் பிரதி குற்றவாளியே மெய்ப்புப் பார்த்தது. சாகும்போதும், பேராசையைத் தவிர் என்று அறிவுரை சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே இன்னொருவன் வெல்லக்கூடும் என்கிறான். பதிப்பைக் கவனியுங்கள்: 1818இல் எலிசபெத் அவனுக்கு அத்தை மகள், 1831இல் எடுத்து வளர்த்த அநாதை. 1831இல் விதியின் கை ஓங்கியிருக்கும், விக்டரின் பொறுப்பு குறைந்து தெரியும். செருக்கைப் பற்றி எழுத 1818தான் தோது.

ஹீத்கிளிஃபைப் பட்டியலில் இருந்தே தூக்கிவிடலாம். ஆள் கலகக்காரனே இல்லை.

உப்புக்காற்று

என்ன இப்படிச் சொல்லிவிட்டீர்கள்!

கடைசிப் பெஞ்சு

அவன் எந்தச் சட்டத்தை மீறினான் சொல்லுங்கள். தன்னை எடுத்து வளர்த்த வீட்டின் மகன் ஹிண்ட்லி சூதாட்டத்தில் அடகு வைக்க வைக்கப் பணம் கொடுத்து வதரிங் ஹைட்ஸ் வீட்டை எடுத்துக்கொள்கிறான். லிண்டன் குடும்பத்துச் சொத்துக்காக இசபெல்லாவை மணக்கிறான். பிறகு அவள் பெற்ற நோயாளி மகனுக்கு இளைய கேத்தியைப் பலவந்தமாகக் கட்டிவைக்கிறான். கேத்தியின் தந்தை எட்கர் லிண்டன் சாகும் முன் உயிலை மாற்ற வக்கீல் கிரீனுக்கு ஆள் விட்டால், கிரீன் ஹீத்கிளிஃபிடம் விலைபோய்விட்டு வரத் தாமதிக்கிறார். 1926இல் சி. பி. சாங்கர் என்ற பாரிஸ்டர் இந்த நாவலின் தேதிகளையும் வம்சாவளியையும் சொத்துச் சட்டத்தையும் அலசிக் காட்டினார். எமிலி பிராண்டி சட்டத்தை அவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறார். லிவர்பூல் தெருவில் கிடந்த பிள்ளை, தன்னை மிதித்த அதே அமைப்பின் கருவிகளைக் கற்றுக்கொண்டு அதன் வாரிசுகளை மிதிக்கிறான். இது கையகப்படுத்தல்.

இன்னொன்று, அவனைப் பற்றி நாம் கேட்பதில் பெரும்பகுதி வீட்டு வேலைக்காரி நெல்லி டீன் சொல்லி, வாடகைக்கு வந்த லாக்வுட் எழுதியது. அவன் சொல்லும் பெரிய வசனங்கள்கூட நெல்லியின் வாய் வழியாகத்தான். தனியே என்ன பேசினான் என்று நமக்கு அநேகமாகத் தெரியாது. ஓலைச்சுவடியின் அளவுகோல் இங்கே வேலை செய்யாது.

ஓலைச்சுவடி

வேலை செய்யும், வேறு விதமாக. 9ஆம் அத்தியாயத்தில் ஹீத்கிளிஃபை மணப்பது தனக்கு இழிவு என்று அவன் காதலித்த கேத்தரின் (இளைய கேத்தியின் தாய்) சொன்னது மட்டும் அவன் காதில் விழுகிறது, பெஞ்சிலிருந்து எழுந்து போய்விடுகிறான். நானே ஹீத்கிளிஃப் என்று அவள் சொல்லும்போது அவன் அங்கே இல்லை. அவன் பழிவாங்கல் முழுக்க அரைகுறையாகக் கேட்ட பேச்சின் மேல் கட்டியது. ஆனால் நீங்கள் சொல்வது போல, மூன்று பேருக்குள் சுருக்கும்போது அவனை விடுவதில் எனக்கு மறுப்பில்லை.

பெயரற்றவன்

திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துரத்தும் கப்பல் தலைவன் ஏகாப்? 'மோபி டிக்' இல்லாமல் இப்படி ஒரு பட்டியலா? சூரியன் என்னை அவமதித்தால் அதையும் அடிப்பேன் என்றவன் ஆயிற்றே.

மூன்றாம் வரிசை

தலைப்பு ஆங்கிலேய இலக்கியம் என்றால் அவன் அமெரிக்காவின் நான்டக்கெட்காரன். சேர்ப்பதானால் 36ஆம் அத்தியாயத்தையும் 132ஐயும் எதிரெதிரே வையுங்கள்: கப்பலே கேட்கச் சபதம் போடுவது ஒன்று, கடலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவது இன்னொன்று. பக்கத்தில் கப்பலின் துணைத்தலைவன் ஸ்டார்பக் வந்து நிற்கிறான், திரும்பிப் போகலாம் என்கிறான், கிட்டத்தட்ட ஒத்துக்கொள்ளும் நிலை வந்தும் ஏகாப் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒரு பத்திக்கு மேல் கொடுக்காதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

கம்பனின் இராவணனையும் யாராவது கொண்டுவரும் முன் சொல்லிவிடுகிறேன், அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

உப்புக்காற்று

ஹென்சர்டைக் கடைசியில் வைத்தது சரி, ஆனால் இவன்தான் எனக்கு முதலாள். மற்றவர்களுக்குக் கடவுள், உரோம், நரகம். இவனுக்கு ஒரு சந்தை ஊரும் தானிய மூட்டையும்தான். வைக்கோல் கட்டும் கூலியாள், ரம் கலந்த கஞ்சியைக் குடித்த போதையில் மனைவியையும் குழந்தையையும் ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்கிறான். மறுநாள் கோயிலில் போய், தன் வயது 21 என்பதால் 21 ஆண்டு குடிப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான். குற்றத்துக்குத் தண்டனையையும் தானே அளந்து போட்டுக்கொள்கிற ஆள். வேறு நீதிபதி வேண்டாம் என்கிற செருக்கு அது.

பிறகு மேயராகி, நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது (28ஆம் அத்தியாயம்) அந்தக் கஞ்சி விற்ற கிழவியே குற்றவாளியாக வந்து நின்று பழைய கதையைப் போட்டு உடைக்கிறாள். பொய் என்று சொல்லியிருக்கலாம், யாரும் நம்பியிருப்பார்கள். உண்மைதான், அவளைவிட நான் மேலானவன் இல்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறான். கூட்டத்தின் முன்னால் சொல்வதும் தனியே சொல்வதும் ஒன்றாக இருக்கிற ஆள் இந்தப் பட்டியலில் இவன்தான் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். தான் மகளாக வைத்திருக்கும் எலிசபெத்-ஜேனின் உண்மையான தகப்பன், அந்த மாலுமி நியூசன், தேடி வரும்போது, பெண் செத்துவிட்டாள் என்று வாய் கூசாமல் சொல்கிறான். ஊர் அறியச் சிறுமைப்பட அவனால் முடியும், ஒருத்தியின் அன்பை இழக்க முடியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செருக்கு எங்கே முடிந்து தனிமை எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

தாழம்பூ

அப்படியானால் மூவர்: சாத்தான், கோரியோலேனஸ், ஹென்சர்ட். ஃபாஸ்டஸ் ஏ பாடத்திலிருந்து ஒரு பத்தி, பாதி வசனம் வாசிக்கும் இடம் மட்டும். மான்ஃபிரெட் ஓர் அடிக்குறிப்பு (நிலவறை கோபிக்க வேண்டாம்). எந்தப் பகுதிகளை வரிக்கு வரி படிக்க வேண்டும்?

ஓலைச்சுவடி

சாத்தானுக்கு 1ஆம் காண்டம் 84-270, 2ஆம் காண்டம் சபை முழுவதும், 4ஆம் காண்டம் 32-130, 5ஆம் காண்டத்தில் அப்தியேல் என்ற தேவதூதன் சாத்தானை எதிர்த்து நிற்கும் பகுதி, 10ஆம் காண்டத்தில் 504 முன்பின். காண்ட எண்கள் 1674 பதிப்பின்படி. 1667இல் பத்துக் காண்டம்தான். பழைய பதிப்பின் மறு அச்சு கையில் கிடைத்தால் எண்கள் ஒத்துவராது. தமிழில் வெள்ளக்கால் சுப்பிரமணிய முதலியாரின் 'சுவர்க்க நீக்கம்' கிடைத்தால் தொடக்கப் பகுதியின் ஓசைக்காகப் பாருங்கள், வரி எண் ஒப்பிட உதவாது.

நிலவறை

கோபமில்லை. ஆனால் அடிக்குறிப்பில் அஸ்டார்ட்டி காட்சியைக் குறிப்பிடுங்கள், 2ஆம் அங்கம் 4ஆம் காட்சி.

உப்புக்காற்று

கோரியோலேனஸுக்கு 3.2, 3.3, 5.3, 5.6. ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் உரோமானியத் தளபதி கோமினியஸ் சொல்வதையும் விடாதீர்கள்: எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏற்கவில்லை, உரோமை எரிக்கும் நெருப்பில் புதுப் பெயர் வார்த்துக்கொள்ளும்வரை பெயரில்லாத ஒன்றாக இருக்கிறான்.

ஹென்சர்டுக்கு 1, 2, 15, 28, 41, 45. இதில் 15ஐ எல்லாரும் தாண்டிவிடுவார்கள். வேலைக்குத் தாமதமாக வந்த ஏபல் விட்டில் என்ற அப்பாவியை ஹென்சர்ட் படுக்கையிலிருந்து இழுத்து, கால்சட்டைகூடப் போட விடாமல் தெருவில் நடத்துகிற அத்தியாயம் அது. அதே ஹென்சர்ட்தான் முந்தைய குளிர்காலம் முழுக்க விட்டிலின் தாய்க்குக் கரி வாங்கிக் கொடுத்தவன் என்பதும் அங்கேயே வருகிறது. 45இல், எல்லாம் போய் ஊரை விட்டு நடக்கிற ஹென்சர்டின் பின்னால் போகிறவன் இந்த விட்டில் ஒருவன்தான், அதுவும் தாய்க்குச் செய்ததற்காக. திரும்பிப் போ என்று விரட்டினாலும் போவதில்லை.

கட்டில் தலைமாட்டில் உயில் பென்சிலால் எழுதிக் குத்தியிருக்கிறது: என் சாவை எலிசபெத்-ஜேனுக்குச் சொல்லக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, கல்லறையில் பூ நடக் கூடாது, யாரும் என்னை நினைக்கக் கூடாது என்று. சாத்தானுக்கு நேர் எதிர், பார்க்கிற கண்ணே வேண்டாம் என்கிற செருக்கு. சாகும்போது கூட இருந்த விட்டிலுக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை வாசிப்பவர்கள் எலிசபெத்-ஜேனும் அவள் கணவன் ஃபார்ஃபிரேயும், அதாவது யாருக்குத் தெரியக் கூடாது என்று முதல் வரியில் எழுதினானோ அவளே.